வயலா, புகைபோக்கியா? ஷின்ஜி ஏரியின் டையாக்சின் கணக்கு

ஜப்பானின் மேற்கே, ஷிமானே மாகாணத்தின் கடலோரச் சமவெளியில் ஷின்ஜி என்ற உவர்நீர் ஏரி இருக்கிறது. பரப்பு ஏறத்தாழ 80 சதுர கிலோமீட்டர். சராசரி ஆழம் ஐந்து மீட்டருக்கும் குறைவு. மேற்கிலிருந்து ஹீ ஆறு வந்து கலக்கிறது. கிழக்கே மட்சுவே நகரின் ஊடாக ஓடும் ஓஹாஷி ஆற்றின் வழியே நகாவுமி கழிக்கும், அங்கிருந்து ஜப்பான் கடலுக்கும் நீர் போகிறது. ஷிஜிமி என்ற சிறு மட்டிக்கு நாடு முழுக்கப் பெயர்பெற்ற ஏரி இது. சுற்றுவட்டாரம் நெல் விளையும் பூமி. பெருந்தொழில்களுக்குப் பேர்போன வட்டாரம் அல்ல. இத்தகைய ஏரியின் அடிச்சேற்றில் டையாக்சின் எங்கிருந்து வந்து சேர்ந்தது என்பதை யோகோஹாமா தேசியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மசுனாகா ஷிகேகி, நகானிஷி ஜுன்கோ ஆகியோரின் குழு ஆராய்ந்து 2001-இல் முடிவை வெளியிட்டது. அந்த நாளில் ஜப்பானில் எவரைக் கேட்டாலும் சொல்லியிருக்கக்கூடிய விடை அதுவல்ல.

எல்லோரும் கைகாட்டியது குப்பை எரியுலைகளின் புகைபோக்கிகளை. அதற்குக் காரணம் இருந்தது. 1977-இல் ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தின் கீஸ் ஓலி, ஓட்டோ ஹுட்சிங்கர் ஆகியோர் நெதர்லாந்தின் நகராட்சி எரியுலைச் சாம்பலிலும் புகையிலும் டையாக்சின் இருப்பதைக் கண்டு எழுதினர். அதுவரை டையாக்சின் என்றால் இரசாயன ஆலை விபத்து, குறிப்பாக 1976 ஜூலையில் இத்தாலியின் செவேசோ ஊரை நச்சு மேகம் மூடிய சம்பவம்தான் மக்கள் நினைவுக்கு வரும். இனி அது ஊர்தோறும் உள்ள குப்பை எரியுலையின் சங்கதி ஆயிற்று. ஜப்பானில் எஹிமே பல்கலைக்கழகத்தின் தத்சுகாவா ரியோ 1983-இல் உள்நாட்டு எரியுலைச் சாம்பலிலும் அதைக் கண்டறிந்தார். இடம் குறைந்த அந்நாடு குப்பையைப் புதைப்பதைவிட எரிப்பதையே நம்பியிருந்தது. 1990களில் நகராட்சி எரியுலைகள் மட்டும் 1,800-க்கு மேல் இருந்தன.

1999 பிப்ரவரியில் விஷயம் கொதித்தது. டோக்கியோவுக்கு வடமேற்கே டோகோரோசாவா வட்டாரத்தில் தொழிற்கழிவு எரியுலைகள் நெருக்கமாக நின்றன. அங்கே விளைந்த இலைப்பயிரில் டையாக்சின் மிகுந்திருப்பதாகத் தொலைக்காட்சி ஒன்று செய்தி சொல்ல, அவ்வூர்க் கீரை சந்தையில் விலைபோகாமல் விழுந்தது. செய்தியில் காட்டிய உச்ச அளவு கீரையில் அல்ல, காயவைத்த தேயிலையில் எடுத்தது என்பது பிறகு தெரிந்தது; விவசாயிகள் வழக்குத் தொடுத்து, அது உச்ச நீதிமன்றம் வரை போனது. அதே 1999 ஜூலையில் டையாக்சின் தடுப்புக்கென்று தனிச் சட்டம் நிறைவேறியது. 2000 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. 1997-இல் ஆண்டுக்கு ஏறத்தாழ 8,000 கிராம் நச்சுச் சமன் அளவாக இருந்த வெளியேற்றம் 2003-இல் ஏறத்தாழ 400 கிராமாகக் குறைந்தது. சுற்றுச்சூழல் சட்டங்களின் வரலாற்றில் இவ்வளவு சுருக்கமான காலத்தில் இவ்வளவு பெரிய வெற்றி அபூர்வம்.

ஆனால் அந்த 8,000 கிராம் என்பது என்ன? அரசு தயாரித்த மூலப் பட்டியல் ஒவ்வொரு வகை உலைக்கும், ஒரு டன் குப்பை எரிந்தால் இவ்வளவு டையாக்சின் வெளிவரும் என்று ஒரு காரணி வைத்து, எரித்த டன்னால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டுகிறது. நடப்பு ஆண்டில் எது வெளிவருகிறதோ அதை மட்டுமே அது அறியும். முப்பது ஆண்டுகளுக்கு முன் மண்ணில் விழுந்து இன்னும் அழியாமல் கிடப்பது அதன் எந்தக் கட்டத்திலும் இடம்பெறாது. டையாக்சினோ எளிதில் அழியாத பொருள். மண்ணுக்குள் புதைந்துவிட்டால் பல பத்தாண்டுகள் கிடக்கும். நீரில் கரையாது, சேற்றுத் துகளோடு ஒட்டிக்கொண்டு ஆற்றுப்போக்கில் நகரும், மீனின் கொழுப்பில் சேரும். ஆகவே ஒரு வட்டாரத்தில் டையாக்சின் எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்குள் இரண்டு கேள்விகள் அடங்கியுள்ளன: இன்று எங்கிருந்து வருகிறது, இங்கே கிடப்பது எங்கிருந்து வந்தது. இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணியதில்தான் பெருங்குழப்பம் தோன்றியது.

இரண்டாவது கேள்விக்கு விடை காண உதவுவது டையாக்சினின் குடும்ப அமைப்பு. டையாக்சின் என்பது ஒற்றைப் பொருளின் பெயர் அல்ல. இரண்டு பென்சீன் வளையங்களை ஆக்சிஜன் அணுக்கள் பாலமிட்டு இணைக்க, சுற்றிலும் குளோரின் அணுக்கள் எட்டு இடங்களில் எங்கெங்கே அமர்கின்றன என்பதைப் பொறுத்து 75 டையாக்சின்கள், அவற்றின் உறவினர்களான 135 ஃபியூரான்கள் என மொத்தம் 210 வகைகள். இவற்றுள் 2, 3, 7, 8 என்ற நான்கு இடங்களிலும் குளோரின் உள்ள 17 வகைகளே கடும் நச்சு. மிகக் கொடிய 2,3,7,8-டெட்ராகுளோரோ டையாக்சினுக்கு ஒன்று என மதிப்புக் கொடுத்து, மற்ற பதினாறுக்கும் அதனோடு ஒப்பிட்டு எடை போட்டுக் கூட்டுவதுதான் நச்சுச் சமன் அளவு. எட்டு இடமும் குளோரின் நிரம்பிய ஆக்டாகுளோரோ டையாக்சினுக்கு உலகச் சுகாதார நிறுவனம் 1998-இல் கொடுத்த எடை 0.0001, 2005-இல் அதை 0.0003 என்று திருத்தியது.

எந்த வழியில் உண்டானாலும் 210 வகைகளும் ஒரே விகிதத்தில் உண்டாவதில்லை. குப்பை எரியும்போது ஃபியூரான்களும் பலதரப்பட்ட டையாக்சின்களும் கலந்து பிறக்கின்றன. பென்டாகுளோரோபீனால் என்ற இரசாயனம் தயாராகும்போது அதன் இரண்டு மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்தால் கிடைப்பது ஆக்டாகுளோரோ டையாக்சின். ஆகவே அதில் அவ்வகையே மேலோங்கும். 2,4,6-டிரைகுளோரோபீனாலின் இரு மூலக்கூறுகள் பிணைந்தால் 1,3,6,8, 1,3,7,9 என்ற எண்களால் குறிக்கப்படும் இரண்டு வகைகள் பிறக்கும். இவ்விரண்டுக்கும் நச்சு எடை பூஜ்யம். அதனாலேயே பல ஆய்வகங்கள் அவற்றை அளந்து எழுதிவைக்கவில்லை. மூலத்தைத் தேடுகிறவருக்கோ அவைதான் முதல் சாட்சி. நச்சு மதிப்பை மட்டும் பதிந்துவைத்த பழைய அறிக்கைகள் இந்த வேலைக்குப் பெரும்பாலும் உதவாமல் போனதற்கு இதுவே காரணம்.

வகைகளின் விகிதத்தைக் கொண்டு மூலத்தைத் தேடும் வழக்கம் வட அமெரிக்காவின் பேரேரிகளில் வளர்ந்தது. மிச்சிகன் மாநிலத்தில் டவ் கெமிக்கல் நிறுவனத்தின் மிட்லண்ட் ஆலைக்குக் கீழே ஆற்று மீன்களில் டையாக்சின் தெரியவந்த சமயம், 1978-இல், அந்நிறுவனத்தின் வேதியியலாளர்கள் ஒரு வாதத்தை முன்வைத்தனர். எந்த நெருப்பிலும் சிறிதளவு டையாக்சின் பிறக்கும். மனிதன் தீ மூட்டத் தொடங்கிய நாளிலிருந்தே அது இருந்துவருகிறது. ஆகவே ஆலையை மட்டும் குற்றம் சொல்வதற்கில்லை என்பது அதன் சாரம். நெருப்பில் டையாக்சின் பிறக்கும் என்பது உண்மைதான். மற்றது உண்மையா என்று பார்க்க இந்தியானா பல்கலைக்கழகத்தின் ரொனால்ட் ஹைட்ஸும் அவருடைய மாணவி ஜீன் சுச்வாவும் சேற்றைத் தோண்டினர்.

அவர்கள் தேர்ந்தெடுத்த இடத்தில்தான் சாமர்த்தியம். சுப்பீரியர் ஏரியின் நடுவே ஐல் ராயல் என்ற தீவு; அது தேசியப் பூங்கா, ஆலைகள் இல்லை. அத்தீவுக்குள்ளே சிஸ்கிவிட் என்று ஓர் ஏரி. அதன் நீர்மட்டம் சுப்பீரியரைவிட உயரம் என்பதால் பேரேரியின் தண்ணீர் அதற்குள் புக வழியில்லை. அங்கே டையாக்சின் இருந்தால் அது காற்றில் வந்ததாகத்தான் இருக்க முடியும். இருந்தது. அடுக்கடுக்காக வண்டலை எடுத்துக் காலம் கணித்தபோது, 1940 வாக்கு வரை மிகக் குறைவாக இருந்த அளவு அதன்பின் ஏறி, 1970 வாக்கில் உச்சம் தொட்டது தெரிந்தது. அமெரிக்காவில் நிலக்கரி எரிப்பு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பெருகிவிட்டது; நெருப்பு மட்டுமே காரணம் என்றால் டையாக்சினும் அப்போதே ஏறியிருக்க வேண்டும். ஏறியது குளோரின் சேர்ந்த கரிம இரசாயனங்களின் உற்பத்தி தொடங்கிய பிறகு. ஆதி மனிதனின் அடுப்பு வரை இழுத்துச் சென்ற வாதம் ஒரு சிற்றேரியின் சேற்றில் முடிந்துபோனது. ஹைட்ஸ் குழுவின் முடிவு 1984-இல் 'சயின்ஸ்' இதழில் வெளிவந்தது.

அதே ஹைட்ஸ் 1996-இல் லூயிஸ் புரூசியோடு சேர்ந்து உலகம் முழுமைக்குமான வரவுசெலவைப் போட்டுப் பார்த்தார். வானிலிருந்து ஆண்டுதோறும் பூமியில் இறங்கும் டையாக்சின் சுமார் 13,000 கிலோ. அறிந்த மூலங்களிலிருந்து வெளிவருவது சுமார் 3,000 கிலோ. பத்தாயிரம் கிலோவுக்கு ஆதாரம் இல்லை. உலைகளை எவ்வளவு திருத்தி எண்ணினாலும் இந்த இடைவெளி அடைபடவில்லை. 2000-இல் ஜாய் பேக்கரும் ஹைட்ஸும் வேறு ஒரு விளக்கம் தந்தனர். மரத்தைக் காக்கப் பூசிய பென்டாகுளோரோபீனால் காற்றில் ஆவியாகி, மேகத்தின் நீர்த்துளிகளில் வெயில் பட்டு ஆக்டாகுளோரோ டையாக்சினாக மாறுவது இந்தக் குறையில் பெரும்பகுதியை நிரப்பக்கூடும் என்றனர். எடை கணக்கிலும் நச்சுக் கணக்கிலும் விடை ஒன்றல்ல என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். ஆக்டாகுளோரோவின் நச்சு எடை சொற்பம் என்பதால், கிலோவில் மாபெரும் பற்றாக்குறையாகத் தெரிவது நச்சளவில் சிறிதாகிவிடும்.

ஜப்பானில் அந்தப் பென்டாகுளோரோபீனால் மரத்தில் மட்டும் பூசப்படவில்லை, வயலில் தூவப்பட்டது. போருக்குப் பிந்தைய ஜப்பானிய நெல் விவசாயத்தின் மிகப் பெரிய சுமை களையெடுப்பு. 1949-இல் கால் ஏக்கர் வயலுக்கு ஏறத்தாழ 50 மணி நேரம் குனிந்து களை பிடுங்க வேண்டியிருந்தது. நெல்லைப் போலவே நின்று ஏமாற்றும் நெல்சக்களத்திதான் முதல் எதிரி. ஆள்கள் நகரத்து ஆலைகளுக்குப் போய்க்கொண்டிருந்த 1950களின் பிற்பாதியில் பென்டாகுளோரோபீனால் களைக்கொல்லியாக வந்தது. நடவு முடிந்ததும் தூவினால் முளைக்கும் களை கருகிவிடும்; வேரூன்றிய நாற்றுக்கு ஒன்றும் ஆகாது. முதுகு நிமிர்ந்த விவசாயிக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்? பயன்பாடு நாடெங்கும் பரவியது.

ஆனால் அது மீனைக் கொன்றது. 1962-இல் மருந்து தூவிய பருவத்தில் கனமழை பெய்து வயல் நீரெல்லாம் அடித்துச்செல்ல, கியூஷு தீவின் அரியாகே கடலிலும் பிவா ஏரியிலும் மீனும் மட்டியும் பெருமளவில் செத்து மிதந்தன. அதன்பின் கட்டுப்பாடு வந்தது; 1971-இல் நீரை மாசுபடுத்தும் பூச்சிமருந்து என்று அரசு அறிவித்தது. அதன் இடத்தைப் பிடித்தது குளோர்நைட்ரோபென், சுருக்கமாக சி.என்.பி. 1965-இல் பதிவான இதற்கு மீனைக் கொல்லும் வேகம் குறைவு. அதனால் பாதுகாப்பான மாற்று என்றே ஏற்கப்பட்டது. அதுவோ டிரைகுளோரோபீனாலிலிருந்து செய்யப்படுவது. முன்பு சொன்ன 1,3,6,8, 1,3,7,9 வகைகள் அதோடு ஒட்டிவந்தன. நீகாதா மாகாணத்தில் பித்தப்பைப் புற்றுநோய்க்கும் குடிநீரில் கலந்த இம்மருந்துக்கும் தொடர்பு இருக்கலாம் என்ற ஐயம் கிளம்பியதால் 1994-இல் விற்பனை நின்றது. 1996-இல் பதிவும் முடிந்தது. அதை நிறுத்தியது புற்றுநோய் ஐயமே தவிர, டையாக்சின் அல்ல.

தடயம் முன்பே கிடைத்திருந்தது என்பதுதான் இவ்வரலாற்றில் வியப்பானது. 1981-லேயே டோக்கியோவில் யமகிஷி தலைமையிலான குழு இவ்வகைக் களைக்கொல்லிகளிலும், அவை தூவிய பகுதிகளின் மீன்களிலும் டையாக்சின் இருப்பதை அளந்து வெளியிட்டது. பெரும்பங்கு நச்சு எடை இல்லாத வகை என்பதால் அது ஆபத்தாகத் தெரியவில்லை. ஒரு பொட்டலத்தில் எவ்வளவு என்று பார்த்தார்கள். நாடு முழுக்க முப்பது ஆண்டுகளில் எத்தனை பொட்டலம் என்று எவரும் பெருக்கிப் பார்க்கவில்லை.

யோகோஹாமா குழு செய்தது அந்தப் பெருக்கலை. அவர்கள் ஷின்ஜியின் அடியிலிருந்து வண்டலைக் குழாய் இறக்கிச் செங்குத்தாக எடுத்து, மெல்லிய வில்லைகளாக அறுத்தனர். ஒவ்வொரு வில்லையின் வயதையும் ஈயம்-210, சீசியம்-137 ஆகிய கதிரியக்கத் தனிமங்களால் கணித்தனர். முதலாவதின் அரை ஆயுள் ஏறத்தாழ 22 ஆண்டு என்பதால் நூறாண்டு வரை காலம் சொல்லும். இரண்டாவது, அணுகுண்டுச் சோதனைகள் உச்சத்தில் இருந்த 1963-ஐச் சேற்றில் கோடு போட்டதுபோல் காட்டும். ஷின்ஜி ஏரியையே பல ஆண்டுகள் ஆராய்ந்த யமமுரோ மசுமியும் குழுவில் இருந்தார். இன்னொரு பக்கம், பழைய கிடங்குகளில் எஞ்சியிருந்த களைக்கொல்லிப் பொட்டலங்களைத் தேடிப் பெற்று அவற்றில் என்னென்ன வகை டையாக்சின் எவ்வளவு உள்ளது என்று அளந்தனர். நச்சு வகைகள் பதினேழை மட்டுமல்ல, நான்கு முதல் எட்டு குளோரின் வரை பிரித்தறியக்கூடிய எல்லா வகைகளையும் அளந்ததே இந்த ஆய்வின் பலம்.

பிறகு புள்ளியியல். எத்தனையோ வில்லைகள், ஒவ்வொன்றிலும் எத்தனையோ வகைகள். அந்த எண்களின் காட்டில் எவையெவை சேர்ந்தே ஏறி இறங்குகின்றன என்று பிரித்தெடுப்பது முதற்கூறு பகுப்பாய்வு. சேர்ந்தே நடப்பவை ஒரே மூலத்திலிருந்து வந்திருக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. ஷின்ஜியின் எண்கள் மூன்று கூட்டமாகப் பிரிந்தன: பென்டாகுளோரோபீனால், சி.என்.பி., காற்றில் வந்த எரிப்பு மாசு. ஒவ்வொரு காலத்து வில்லையிலும் இம்மூன்றின் பங்கு எவ்வளவு என்று பின்னர் கணக்கிட்டனர். மொத்த எடையில் மிகப் பெரும்பங்கு இரண்டு களைக்கொல்லிகளுடையது. அவற்றின் ஏற்றமும் இறக்கமும் வயல்களில் மருந்து புழங்கிய காலத்தைத் தொடர்ந்தே வந்தன. நச்சளவிலும் பென்டாகுளோரோபீனாலின் பங்கு ஒதுக்கித் தள்ளக்கூடியதாக இல்லை. எரியுலைகளின் பங்கு இருந்தது. ஆனால் அதுவே முழுக்கதை அல்ல. டோக்கியோ விரிகுடாவின் வண்டலில் இதே குழு செய்த ஆய்வும் இதே பக்கம் சாய்ந்தது. கோடிக்கணக்கான மக்களின் குப்பை எரிந்த கரையோரத்திலேயே வயல் மருந்தின் தடம் அழுத்தமாக இருந்தது என்பதை எளிதில் தள்ளிவிட முடியாது.

இம்முறைக்குக் குறைகள் உண்டு. வகைகளின் விகிதம் வழியில் மாறாமல் வந்து சேரும் என்று அது நம்புகிறது. உண்மையில் குறைந்த குளோரின் உள்ளவை எளிதில் ஆவியாகும். சில வெயிலில் சிதையும். காற்றில்லாச் சேற்றில் நுண்ணுயிர்கள் குளோரினைக் கழற்றும். ஒரே மருந்தும் ஆண்டுக்கு ஆண்டு, ஆலைக்கு ஆலை வேறுபட்ட மாசோடு வந்திருக்கும். எரியுலையும் காகித ஆலையும் ஒத்த தடம் விட்டால் கணிதம் அவற்றைப் பிரிக்காது. மனிதனே காரணமில்லாத டையாக்சினும் உண்டு. 1997-இல் அமெரிக்காவில் கோழியிலும் வளர்ப்புக் கெளுத்தியிலும் டையாக்சின் மிகுந்திருந்ததற்குக் காரணம் தேடியபோது, தீவனம் கட்டிபிடிக்காமலிருக்கச் சேர்த்த மிசிசிப்பிக் களிமண்ணில் போய் நின்றது. மனிதன் தோன்றுவதற்குப் பல கோடி ஆண்டுகளுக்கு முன்பே படிந்த மண் அது.

எனவே ஒரே ஒரு சான்றை வைத்து முடிவுகட்டாமல், வேறு வழிகளிலும் கணக்குப் பொருந்துகிறதா என்று பார்ப்பது அவசியமாயிற்று. ஜப்பானில் அதற்கு எதிர்பாராத ஒரு சாட்சி கிடைத்தது. ஒசாகாவில் 1973 முதல் ஆண்டுதோறும் தாய்ப்பால் மாதிரிகளை உறையவைத்துச் சேமித்துவந்தனர். 1990களின் இறுதியில் அவற்றை வரிசையாக அளந்தபோது, டையாக்சின் இடைவிடாமல் குறைந்து வந்து ஏறத்தாழ பாதியாகியிருந்தது. எரியுலைகள் பெருகி, எரித்த குப்பையும் கூடிக்கொண்டிருந்த காலம் அது. புகைபோக்கியே பிரதானம் என்றால் அளவு ஏறியிருக்க வேண்டும். ஜப்பானியர் உடலில் சேரும் டையாக்சினில் பெரும்பகுதி மீன் வழியாக வருகிறது. மீனுக்கு அது வருவது வண்டலிலிருந்து. வண்டலுக்கோ பழைய வயல்களிலிருந்து. களைக்கொல்லி நின்றதும் வீழ்ச்சி தொடங்கியது என்று பார்த்தால் எல்லாம் இசைகிறது. எரியுலைச் சட்டம் தேவையில்லாதது என்று இதற்குப் பொருளல்ல. உலை அருகே குடியிருந்தவர்களுக்கு அது பெரும் நன்மை செய்தது. ஆனால் நாடு முழுவதும் மீன் தின்றவர்களின் உடலில் ஏற்பட்ட குறைவுக்கு அச்சட்டம் பிறக்கும் முன்பே காரணம் நடந்து முடிந்திருந்தது.

வட துருவத்தில் இதே கேள்வி தலைகீழாக எழுந்தது. கனடாவின் நூனாவுட் பகுதியில் வயலும் இல்லை, சொல்லத்தக்க உலையும் இல்லை. ஆனால் இனுவிட் தாய்மார்களின் பாலில் டையாக்சின் தென் கியூபெக் தாய்மார்களுடையதைவிட இருமடங்கு. சேற்றைத் தோண்டுவதைவிடக் காற்றைப் பின்தொடர்வதே அங்கு பொருத்தம். நியூயார்க்கின் குயீன்ஸ் கல்லூரியில் பாரி காமனர் தலைமையில் இயங்கிய குழு, 1996 ஜூலை முதல் 1997 ஜூன் வரையான வானிலைப் பதிவுகளைக் கணினியில் ஓடவிட்டு, வட அமெரிக்காவின் 44,091 மூலங்களிலிருந்து புறப்பட்ட டையாக்சின் எங்கே இறங்கியது என்று பின்தொடர்ந்தது. 2000-இல் வெளிவந்த அறிக்கையின்படி நூனாவுட்டின் சொந்த மூலங்களின் பங்கு 0.02 சதவீதம் மட்டுமே. பெரும்பகுதி அமெரிக்காவிலிருந்து வந்தது. இந்த வழிக்கு ஒவ்வொரு மூலத்தின் வெளியேற்றமும் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். பட்டியலில் இல்லாத மூலத்தை அது ஒருபோதும் கண்டுபிடிக்காது. அந்த வகையில் அது ஷின்ஜி வழிக்கு நேர் எதிர்.

தமிழ்நாட்டுக்கும் இந்த ஆய்வுமரபுக்கும் நேரடித் தொடர்பு உண்டு. தத்சுகாவாவும் அவருடைய எஹிமே சகா தனாபே ஷின்சுகேவும் 1980களின் பிற்பகுதியில் பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடலியல் ஆய்வாளர்களோடு சேர்ந்து வெள்ளாற்றுப் படுகையில் பூச்சிக்கொல்லி எங்கே போகிறது என்று அளந்தனர். நெல்வயலில் தெளித்த எச்.சி.எச். மருந்தின் மிகப் பெரும்பகுதி வெப்பத்தில் ஆவியாகிக் காற்றோடு போனது; ஆறு வழியே கடல் சேர்ந்தது மிகச் சிறு பங்கு. ஷின்ஜி வயல்களின் டையாக்சினோ பெரும்பாலும் மண்ணைவிட்டு நகர மறுத்தது. வயல் ஒன்றுபோல் தோன்றினாலும் பொருளின் இயல்பே போக்கைத் தீர்மானிக்கிறது. பின்னர் 2000களின் தொடக்கத்தில் எஹிமே குழுவினர் சென்னை பெருங்குடிக் குப்பைமேட்டின் மண்ணிலும், அதன் அருகே வாழ்ந்த தாய்மார்களின் பாலிலும் டையாக்சின் அளந்தனர். திறந்தவெளியில் குப்பை புகைந்துகொண்டிருந்த இடம். ஆனாலும் தாய்மார்களின் உடலுக்கு அது வந்த வழியாக அவர்கள் ஐயப்பட்டது புகையைவிட, அவ்வட்டாரத்தில் வளர்ந்த மாடுகளின் பாலை. மூலம் ஒன்று, வந்துசேர்ந்த வழி வேறு.

ஜப்பானிய வயல்களில் படிந்த டையாக்சினின் பெரும்பகுதி இன்றும் அங்கேயே கிடக்கிறது. மண்ணுக்கு அரசு வைத்த வரம்பு ஒரு கிராமுக்கு 1,000 பிக்கோகிராம் நச்சுச் சமன் அளவு; வயல்மண் பொதுவாக இதற்குக் கீழேதான் இருக்கும் என்பதால் தூய்மைப்படுத்தும் கடமை எழுவதில்லை. நீருக்கான வரம்பு லிட்டருக்கு ஒரு பிக்கோகிராம். நெல் விளையும் படுகைகளின் ஆறுகளில் அது சில சமயம் மீறப்படுகிறது. மீறல் பெரும்பாலும் மே மாதத்தை ஒட்டி, நடவுக்காக வயலில் சேறடித்து, கலங்கல் நீர் வாய்க்காலில் இறங்கும் நாள்களில் நேர்கிறது. புகைபோக்கிக்கு வடிகட்டி பொருத்துவதுபோல் இதற்கு ஒரு கருவி இல்லை. பிவா ஏரியைச் சுற்றியுள்ள ஷிகா மாகாணத்தில் வேறு காரணங்களுக்காகவே பரிந்துரைக்கப்பட்டுவந்த ஒரு வழக்கம், தண்ணீரைக் குறைவாகக் கட்டிச் சேறடித்து, மண் அடியில் தெளியும் வரை மடையைத் திறக்காமலிருப்பது, இதற்கும் பொருந்துகிறது. துகள் வயலிலேயே தங்கினால் அதோடு ஒட்டிய டையாக்சினும் தங்கும்.